முப்பது மீட்டருக்கு மூணு சென்டி

மூவாயிரம் மீட்டர் ஆழமான கிணத்துல இறக்கின கருவி, மூவாயிரத்து ஆறாவது மீட்டர்ல போய் உட்கார்ந்துச்சு. தோண்டினவங்க உள்ளே விட்ட குழாயை ஒவ்வொண்ணா எண்ணி மூவாயிரம்னு எழுதி வச்சிருக்காங்க. எங்க கேபிள் மூவாயிரத்து ஆறுன்னு சத்தியம் பண்ணுது. அதாவது, கிணத்துக்கு அடியில தனியா ஒரு ரூம் இருக்கு, எங்க ஆளுங்க கதவைக்கூடத் தட்டாம அதுக்குள்ள நுழைஞ்சுட்டாங்க. இப்படி ஒரு கண்டுபிடிப்புக்கு மாலை மரியாதை நடக்கும்னு பார்த்தா, விசாரணை வச்சாங்க.

அந்தக் கேபிளுக்குக் குறி போட்டவ நான்தான். நான் வேலை பார்க்கிற கேபிள் கொட்டகையில என்னை டேப்பக்கான்னு கூப்பிடுவாங்க. அளக்கிற டேப்பைச் சொல்றாங்க, பாட்டு கேட்கிற டேப் இல்ல. ஆனா என் வாயைக் கேட்டவங்க ரெண்டாவதுதான்னு அடிச்சுச் சொல்வாங்க.

வேலை என்னன்னு சொல்லிடறேன். எண்ணெய்க் கிணறு தோண்டினதும் எங்க கம்பெனி ஆளுங்க உள்ளே ஒரு கருவியை இறக்கிப் பார்ப்பாங்க. எந்த ஆழத்துல எண்ணெய், எந்த ஆழத்துல தண்ணி, எங்கே வெறும் பாறைன்னு எல்லாத்தையும் அது சொல்லும். தான் எங்கே தொங்கிக்கிட்டிருக்கோம்கிறதை மட்டும் சொல்லத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது கேபிள். சுண்டுவிரல் தடிமன், உள்ளே மின்கம்பி, வெளியே ரெண்டு சுத்து எஃகு, நாலு கிலோமீட்டர் நீளம். அதுல முப்பது மீட்டருக்கு ஒரு காந்தக் குறி போடுறது என் வேலை. வண்டியில உட்கார்ந்து கேபிளை இறக்கி ஏத்துற வின்ச்சுக்காரன், ஒவ்வொரு குறி வர்றப்பவும் ஆழம் காட்டுற கவுன்ட்டரைச் சரிபார்த்துக்குவான்.

கொட்டகையில கேபிள் சுத்துற ரெண்டு டிரம். ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குக் கேபிள் ஓடும். நடுவுல நானூத்தைம்பது கிலோ இழுவை கொடுத்து விறைப்பா நிறுத்தி, தரையில பதிச்ச ரெண்டு பித்தளை ஆணிக்கு நடுவுல அளந்து, பொத்தானை அமுக்கினா குறி விழும். விழுந்த குறி கண்ணுக்குத் தெரியாது. “நாள் பூரா கண்ணுக்குத் தெரியாத வேலை பார்த்துட்டு வந்து கால் வலிக்குதுங்கிறா”ன்னு என் வீட்டுக்காரர் இருபது வருஷமா ஒரே ஜோக்கைச் சொல்றாரு. நானும் இருபது வருஷமா சிரிக்காம இருக்கேன்.

பழைய கேபிள்னா தொல்லை இல்ல. புதுசுதான் வம்பு. துணி காயப்போடக் கொடிக்கயிறு கட்டியிருப்பீங்க இல்ல? கட்டின அன்னைக்கு விறைப்பா நிக்கும். நாலு நாள் ஈரத்துணி சுமந்துச்சுன்னா தொங்கிடும், அவிழ்த்துத் திரும்பக் கட்டணும். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா அப்படியே இருக்கும். கேபிளும் அதே ஜாதி. பாரம் ஏத்தினா நீளுறது, இறக்கினா சுருங்குறது, அது எப்பவும் உள்ளது. ஆனா புதுசா இருக்கிறப்ப முதல் நாலஞ்சு தடவை நீளுறது திரும்பி வரவே வராது. நீண்டது நீண்டதுதான். நான் சரியா முப்பதுன்னு குறி போட்டு அனுப்பினா, அஞ்சாவது தடவை கிணத்துல இறங்குறப்ப அது முப்பது மீட்டர் மூணு சென்டியா இருக்கும். நூறு குறிக்கு மூணு மீட்டர் ஏமாத்தும்.

இதுக்கு முறைன்னு ஒண்ணு இருக்கு. புதுக் கேபிளை ஆழமான கிணத்துல சும்மா நாலஞ்சு தடவை இறக்கி ஏத்தி, அது நீளுற அளவு நீண்ட பிறகு குறி போடணும். இதை மேனேஜர்கிட்ட நான் முதல்ல சொன்னது எப்பன்னா, அவர் தலையில முடி இருந்தப்ப. “வேலை செய்யச் செய்ய அதுவாப் பழகிக்கும்மா”ன்னாரு. கேபிளை மட்டுமில்ல, ஆளுங்களையும் அவர் அப்படித்தான் சேர்ப்பாரு. அதனால நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். புதுக் கேபிள் வந்தா முப்பதுக்குப் பதிலா மூணு சென்டி கழிச்சு, இருபத்தொன்பது மீட்டர் தொண்ணூத்தேழு சென்டியில குறி போட்டுடுவேன். நாலு தடவை உடம்பை நீட்டினதும் அது தானா முப்பதுக்கு வந்து நிக்கும். எந்தப் புத்தகத்துலயும் இல்லாத கணக்கு, என் நோட்டுல இருக்கு. ஒரு தடவைகூடத் தப்பினதில்ல.

கேபிளோட ஒரு அட்டை போகும். அதுல கடைசியா ஒரு கட்டம், கொசு உட்கார்ந்தா நிறைஞ்சுடும். “நிரந்தர நீட்சி கழிக்கப்பட்டுள்ளதா?”ன்னு கேட்கும். பதினோரு வருஷமா அந்தக் கட்டத்தை நான் நிரப்பினதே இல்ல. எதுக்கு நிரப்பணும்? வின்ச்சுல உட்கார்ந்திருக்கிறது என் கூடப்பிறந்த தம்பி. கேபிள் கொட்டகையை விட்டுக் கிளம்பினதும் போனை எடுத்து, “டேய், மூணு கழிச்சாச்சு, நீ எதையும் கூட்டாம கையை வச்சுக்கிட்டுச் சும்மா இரு”ம்பேன். “சரிக்கா”ம்பான். வண்டியில வர்ற இன்ஜினியர்கிட்ட அவன் சொல்லிடுவான். அட்டையில எழுதாததை யாருமே கவனிச்சதில்ல. அட்டையை யாராவது பார்த்தால்தானே கவனிக்க.

இந்த ஏற்பாட்டுல ஒரே ஒரு ஓட்டை. அக்காவும் தம்பியும் பேசிக்கணும்.

எட்டு மாசமா நாங்க பேசிக்கல. அதையும் சொல்லிடறேன், இல்லைன்னா பின்னால நடந்தது உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாத் தெரியும். சொன்ன பிறகும் அப்படித்தான் தெரியும், இருந்தாலும் கேட்டுக்குங்க.

எங்க குடும்பத்துல யார் பேச்சையும் யாரும் அப்படியே எடுத்துக்கிறதில்ல. என் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் கூட்டி வச்சிருக்காரு, நான் லேட்டாக் கிளம்புறேன்னு. அது எனக்குத் தெரியும், அதனால பத்து நிமிஷம் கழிச்சுக்குவேன். நான் கழிக்கிறது அவருக்குத் தெரிஞ்சு, போன வருஷம் இன்னும் அஞ்சு கூட்டினாரு. என் மக ரெண்டு பேரையும் நம்பாம இருபது கழிக்கிறா, வாரத்துக்கு ரெண்டு தடவை பஸ்ஸை விடுறா. அந்தக் கடிகாரத்தைப் பார்த்து எத்தனை மணின்னு சொல்ல எங்க வீட்டுல ஒருத்தராலயும் முடியாது.

தம்பிக்கு என்மேல ஒரு கணக்கு உண்டு. அக்கா எதைச் சொன்னாலும் பாதியைக் கழிச்சுக்கணும். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. அப்பாவுக்கு ஒரு தடவை சளி பிடிச்சதுக்கு, நான் போட்ட கூப்பாட்டுல ஒன்றுவிட்ட சித்தப்பாவெல்லாம் பெட்டியோட வந்து இறங்கிட்டாங்க. எனக்கும் அவன்மேல ஒரு கணக்கு உண்டு. எதையும் அவன்கிட்டக் குறைச்சுத்தான் சொல்லணும். அம்மா விழுந்துட்டாங்கன்னு அந்தக் காலத்துல உள்ளதை உள்ளபடி சொன்னேன். பதறிப்போய் வண்டியை எடுத்தவன் விளக்குக் கம்பத்துல விட்டான். அம்மா எழுந்து நடந்து போய் அவனை ஆஸ்பத்திரியில பார்த்தாங்க.

எட்டு மாசத்துக்கு முன்னால ஒரு மத்தியானம். அப்பாவுக்குக் காலையில இருந்தே மூச்சு இழுத்துக்கிட்டிருந்துச்சு. “பார்க்க வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க”ன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிட்டாரு. தம்பி ஆறு மணி நேரத் தூரத்துல கிணத்தடியில இருக்கான். போனைக் கையில எடுத்ததும் எனக்கு அந்த விளக்குக் கம்பம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. “அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலடா. முடிஞ்சா வந்துட்டுப் போ”ன்னேன். அக்கா வாயில இருந்து ‘கொஞ்சம்’னு வந்தா அது வெறும் இருமல்தான்னு அவன் கணக்கு. “நாளன்னைக்கு வேலை முடிஞ்சதும் வர்றேன்க்கா”ன்னான்.

மறுநாள் விடியறதுக்குள்ள அப்பா போயிட்டாரு.

சாயங்காலம் வந்து வாசல்ல நின்னான். செருப்பைக்கூடக் கழட்டல. “ஒழுங்காச் சொல்லியிருக்கக் கூடாதா?”ன்னு கேட்டான். “சொன்னேனேடா”ன்னேன். “கொஞ்சம்னு சொன்ன.” “வான்னும் சொன்னேன்.” அவ்வளவுதான். அப்பா கடைசியா என்ன பேசினாருன்னு அவன் கேட்கல, நானும் சொல்லல. காரியம் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, என் வீட்டுக்காரரைத் தபால்காரரா வச்சுக்கிட்டுக் காலம் தள்ளினோம். எனக்குக் கோபம். நான் குறைச்சதுக்கு மேல அவன் எதுக்குக் குறைக்கணும்? அவனுக்கும் அதே கோபம்தான் இருந்திருக்கும். எனக்கு அழுகை வர்றப்ப எல்லாம் அவனைத் திட்டிக்குவேன், அது கொஞ்சம் சுலபமா இருந்துச்சு.

இந்த லட்சணத்துல போன மாசம் புதுக் கேபிள் வந்துச்சு. எட்டு மாசத்துல முதல் புதுக் கேபிள். பாலிஷ் போட்ட மாதிரி பளபளன்னு, எண்ணெய் வாசனையோட வந்து இறங்குச்சு. ரெண்டு நாள் நின்னு குறி போட்டேன். ஒவ்வொண்ணுக்கும் மூணு சென்டி கழிச்சேன். அட்டையை எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும், வழக்கம்போல, காலியா விட்டேன். கை பழக்கம் பாருங்க.

வண்டி கேட்டைத் தாண்டினதும் போனை எடுத்தேன். தம்பி பேரை எடுத்து வச்சுக்கிட்டு டிரம்மேல சாஞ்சு நின்னேன். என்னன்னு ஆரம்பிக்கிறது? எட்டு மாசம் கழிச்சு முதல் வார்த்தை ‘மூணு கழிச்சாச்சு’ன்னா? அவனுக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு, முதல்ல அவன் கூப்பிடட்டுமேன்னு ஒரு பக்கம். பதினோரு வருஷமாக் கழிக்கிறேன், அவனுக்குத் தெரியாதான்னு இன்னொரு பக்கம். போனைப் பையில போட்டுட்டேன். இப்ப நினைச்சா அந்தப் பையையே தூக்கி எறியணும் போல இருக்கு.

அங்கே வண்டியில அவன் என்ன நினைச்சான்னு அப்புறம் தெரிஞ்சுச்சு. ‘அக்கா கூப்பிடல. கழிச்சிருந்தா கூப்பிட்டிருப்பா. என்மேல உள்ள காட்டத்துல கழிக்காமயே அனுப்பிட்டா.’ கேபிள் அஞ்சாவது தடவை இறங்கினது, நான் முதல்ல சொன்ன அந்த மூவாயிரம் மீட்டர் கிணத்துல. குறி எல்லாம் கரெக்டா முப்பதுக்கு வந்து நின்னிருந்துச்சு. மகாராசன் யாருக்கும் சொல்லாம, குறிக்குக் குறி கவுன்ட்டர்ல மூணு சென்டி கூட்டிக்கிட்டே போனான். எனக்கு அவமானம் வரக் கூடாதுன்னு கூட்டினானாம். கேட்டீங்களா கதையை!

அதோட விட்டுச்சா? வண்டியில இந்த வருஷம் சேர்ந்த புது இன்ஜினியர் ஒருத்தன். எதைக் கேட்டாலும் பையில இருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுப்பான், அதனால பேரே புத்தகம். கெட்டவன் இல்ல. சின்னச் சத்தத்துக்கே பயப்படுவான். புத்தகம் அட்டையைப் பார்த்தான். பதினோரு வருஷத்துல அந்த அட்டையை முதல் முதலா ஒரு மனுஷன் படிச்சிருக்கான், அதுக்கே அவனுக்குச் சால்வை போர்த்தலாம். கட்டம் காலி. காலியா இருந்தா கழிக்கலைன்னு எடுத்துக்கணும், ஆயிரத்துக்கு ஒண்ணு கூட்டணும்னு புத்தகத்துல போட்டிருக்கு. அவனும் கூட்டினான். ஆக நான் கழிச்சது ஒரு மூணு, அதோட கணக்கு நேராயிடுச்சு. அதுக்கு மேல தம்பி ஒரு மூணு, புத்தகம் ஒரு மூணு. கருவி கிணத்துக்கு அடியில ரூமுக்குள்ள போயிடுச்சு.

“குழாய்க் கணக்கு மூவாயிரம்தானே, நீங்க என்ன ஆறு கூடச் சொல்றீங்க?”ன்னு தோண்டினவங்க கேட்டிருக்காங்க. குழாயும் தொங்கினா நீளும், உங்க கணக்கு எப்பவும் குறைச்சலாத்தான் வரும், கேபிள்தான் சரின்னு புத்தகம் அடிச்சுச் சொல்லிட்டான். அதுவும் புத்தகத்துல இருக்கு.

அப்புறம் கிணத்துல இரும்புக்குழாய் இறக்கி, சுத்தி சிமென்ட் அடிச்சு, எண்ணெய் இருக்கிற இடத்துல குழாயில ஓட்டை போட்டாங்க. எந்த ஆழம்? எங்க காகிதம் சொன்ன ஆழம். ஓட்டை போடுற ஆளுங்க தப்பு பண்ணல, சரியா அளந்து எங்க தப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாங்க. எண்ணெய் இருந்தது அஞ்சே அஞ்சு மீட்டர். அதுக்குக் கீழே தண்ணி. இவங்க போட்டது ஆறு மீட்டர் கீழே தள்ளி. பெரிய பெரிய ஆளுங்க வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டுக் குழாய் முன்னால நின்னு போட்டோவுக்குச் சிரிச்சாங்களாம். உப்புத் தண்ணி பீச்சி அடிச்சு எல்லாரையும் குளிப்பாட்டிடுச்சு. திரும்ப அடைச்சு, திரும்ப ஓட்டை போட மூணு வாரம் ஆகுமாம். கிணத்துக்காரங்க எங்க மேனேஜருக்கு எழுதினாங்க: இதுக்குப் பொறுப்பான ஆள் யாரு, அந்த ஒரு பேரைச் சொல்லுங்க, அந்த ஆள் வேலையில இருந்தா இனிமே உங்களுக்கு எங்க கிணறு கிடையாது.

மேனேஜருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு நினைக்கிறீங்க! ஏன் கேபிளை முறையாப் பழக்கலைன்னு யாரும் கேட்கல. ஒரே ஒரு பேர்தான் கேட்டாங்க. புத்தகம் கிட்டப் பக்க எண் இருக்கு, அவன் தப்பிச்சான். மிச்சம் ரெண்டு பேர். கட்டத்தைக் காலியா விட்ட நான், இல்லைன்னா எங்கேயும் எழுதாம கையால கூட்டின தம்பி; அது கவுன்ட்டர் பதிவுல தெரிஞ்சுபோச்சு. யார் வேலை போகும்னு தெரியலையே தவிர, ரெண்டுல ஒண்ணு போகும்கிறது நிச்சயம்.

உண்மையைச் சொல்றேன், முதல் ரெண்டு நாள் எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. யாருக்கும் சொல்லாம கூட்டினியா, அனுபவிடா. கட்டத்தைப் பத்திக் கேட்டா, இத்தனை வருஷம் காலியாத்தான் இருந்துச்சு, அப்பல்லாம் கிணறு என்ன மேல பறந்துச்சான்னு கேட்கலாம்னு பதிலெல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன்.

மூணாவது நாள் தம்பி பொண்டாட்டி போன் பண்ணினா. அவளுக்கு ஏழு மாசம். நானும் அவனும் பேசலைன்னாலும், நானும் அவளும் பேசிக்குவோம். குழந்தை உதைக்குதா, கால் வீங்குதா, இப்படி.

“அவன் எப்படி இருக்கான்?”ன்னு நானா கேட்கல. அவளாத்தான் சொன்னா.

“அவர் கொஞ்சம் டல்லா இருக்காரு அண்ணி. பெருசா ஒண்ணுமில்ல.”

“சாப்பிடுறானா?”

“கொஞ்சம் சாப்பிடுறாரு.”

போனை வச்சுட்டு டிரம் பக்கத்துல முக்காலியில உட்கார்ந்துட்டேன். அந்தக் ‘கொஞ்சம்’ என்னை என்னமோ பண்ணிடுச்சு. நான் பயந்துடக் கூடாதுன்னு அவ எவ்வளவு கழிச்சுக்கிட்டுச் சொல்றாளோ! இந்த வார்த்தையை இதுக்கு முன்னால நான்தானே சொன்னேன், அவன்தானே கேட்டான். அவன் ஒப்பந்த ஆள். வேலை போச்சுன்னா அன்னைக்கோட சரி. எனக்கு வீட்டுக்காரர் சம்பளம் வருது, பொண்ணு படிப்பை முடிக்கப் போறா. கூட்டிக் கழிச்சுப் பார்க்க இதுல என்ன இருக்கு? நான் போறதுன்னு முடிவு பண்ணினேன். நல்ல முடிவுதான். ஆனா அதை யார்கிட்டயும் சொல்லல. எங்க வீட்டுப் பழக்கம் அப்படி.

விசாரணை அன்னைக்குக் காலையில ஆபீஸ் வராந்தாவுல பெஞ்சு போட்டிருந்தாங்க. முதல்ல தம்பியைக் கூப்பிட்டாங்க. நான் வர்றதுக்கு முன்னாலயே உள்ளே போயிட்டான். கால் மணி நேரம் கழிச்சு வெளியே வந்தான். கன்னம் ஒட்டிப்போய், சட்டை ஒரு அளவு பெருசாத் தெரிஞ்சுது. என்னைப் பார்த்தான். வாயைத் திறக்கப்போற மாதிரி இருந்துச்சு. நான் பார்வையை நோட்டீஸ் போர்டு பக்கம் திருப்பிக்கிட்டேன். ‘கையுறை அணிக’ன்னு போட்டிருந்துச்சு. அதை ரெண்டு தடவை படிச்சேன்.

“அடுத்து”ன்னு குரல் வந்துச்சு, உள்ளே போயிட்டேன்.

மேனேஜர் மேஜைமேல என் அட்டை. கொசுக் கட்டத்தைச் சிவப்புப் பேனாவால பெருசா வட்டம் போட்டிருந்தாரு. அந்த வட்டத்துல பத்து கட்டம் வரைஞ்சிருக்கலாம்.

“சொல்லுங்கம்மா.”

நான் மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சேன். “கழிச்சது நான் சார். கட்டத்தைக் காலியா விட்டதும் நான். வழக்கமாப் போன் பண்ணி வின்ச்சுக்குச் சொல்லுவேன், இந்தத் தடவை சொல்லல. நான் சொல்லாததாலதான் அவன் கூட்டினான். அவன்மேல தப்பே இல்ல. முழுப் பொறுப்பும் என்னுது.”

மேனேஜர் கண்ணாடியைக் கழட்டினாரு. துடைச்சாரு. திரும்பப் போட்டாரு.

“போன் பண்ணலையா?”

“பண்ணல சார்.”

“பண்ணினீங்கன்னு உங்க தம்பி இப்பதான் எழுதிக் கொடுத்துட்டுப் போனாரு. ‘அக்கா போன்ல தெளிவாச் சொன்னாங்க, நான்தான் மறந்துபோய்க் கூட்டிட்டேன், அவங்கமேல தப்பே இல்ல, முழுப் பொறுப்பும் என்னுது.’ கையெழுத்துப் போட்டிருக்காரு, பாருங்க.”

பார்த்தேன். அவன் கையெழுத்துத்தான், கோழி கிளறின மாதிரி.

“ஒரு தப்புக்கு ஒரு ஆள்தான்மா கேட்டாங்க”ன்னாரு மேனேஜர். பாவம், நிஜமாவே குழம்பிட்டாரு. அவனைத் திரும்ப உள்ளே கூப்பிட்டாரு. பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சாரு, ஸ்கூல்ல அடிச்சுக்கிட்ட பசங்களை நிக்க வைக்கிற மாதிரி.

“போன் வந்துச்சா வரலையா?”

“வந்துச்சு சார்”னான் அவன்.

“வரல சார்”னேன் நான். “பொய் சொல்றான்.”

“அவதான் சார் பொய் சொல்றா. சின்ன வயசுல இருந்தே எதையும் கூட்டித்தான் சொல்லுவா.”

“நான் கூட்டினேனா? கிணத்துல கூட்டினது யாருடா?”

எட்டு மாசம் கழிச்சு நாங்க பேசிக்கிட்ட முதல் பேச்சு இதுதான். மேனேஜர் ஒரு கையை இப்படியும் ஒரு கையை அப்படியும் காட்டி நிறுத்தினாரு. அப்புறம் மெதுவா அவர் முகம் தெளிஞ்சுது. கிணத்துக்காரங்க ஒரு பேர் கேட்டாங்க, ரெண்டாக் கொடுத்தா இன்னும் சந்தோஷப்படுவாங்க. அதுவும் ரெண்டு பேரும் தானா ஒத்துக்கிட்டது. போதாததுக்கு, ரெண்டுல ஒருத்தர் விசாரணையில பொய் சொல்லியிருக்காங்க, யாருன்னு தெரியல, அதுக்குத் தனி விதி இருக்கு. மத்தியானத்துக்குள்ள வேலையை விட்டு நீக்குற காகிதம் ரெண்டு டைப் ஆகி வந்துடுச்சு. ஒரே கடிதம்தான், பேரை மட்டும் மாத்தியிருந்தாங்க. என் காகிதத்துல ஒரு இடத்துல ‘அவர் வின்ச்சை இயக்கியபோது’ன்னு அப்படியே இருந்துச்சு.

வெளியே வர்றப்ப கொட்டகைப் பக்கம் பார்த்தேன். புத்தகம் என் முக்காலியில உட்கார்ந்து பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டிருந்தான். அடுத்த கேபிளுக்கு அவன்தான் குறி போடணுமாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னான். “எவ்வளவு கழிக்கணும் டேப்பக்கா?”ன்னு கேட்டான். “மூணு சென்டி. கழிச்சதை எழுது, எழுதினதை வாயாலயும் சொல்லு”ன்னேன். எழுதிக்கிட்டான்.

கேட்டுக்கு எதிர்ல பஸ் நிக்கிற இடம். மேலே தகரம், கீழே சிமென்ட் திண்டு. நல்ல வெயில். அவன் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தான், காகிதத்தை நாலா மடிச்சுச் சட்டைப்பையில வச்சிருந்தான். நானும் போய் உட்கார்ந்தேன். நடுவுல ஒரு ஆள் உட்கார்ற இடம் விட்டு.

“நான்தான் ஏத்துக்கிட்டேனே, நீ எதுக்குச் சொன்ன?”ன்னான்.

“ஏத்துக்கிட்டதை என்கிட்டச் சொன்னியாடா, தடிமாடு?”

“சொல்லலாம்னுதான் பார்த்தேன். நீ போர்டைப் படிச்சுக்கிட்டிருந்த.”

ஒரு பஸ் வந்துச்சு, எங்க பஸ் இல்ல, தூசியைக் கிளப்பிட்டுப் போச்சு. ஒரு ஆள் அரை நிமிஷம் வாயைத் திறந்திருந்தா ஒரு வேலையாவது மிஞ்சியிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிக்கிறதா நினைச்சு ஆரம்பிச்சது வேற மாதிரி ஆயிடுச்சு. முந்தானையால துடைச்சுக்கிட்டேன். அவன் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்தான்.

“வீட்டுல அவகிட்ட என்ன சொல்லப்போற?”ன்னு கேட்டேன்.

“கொஞ்சம் பிரச்சினைன்னு சொல்லணும்.”

“கொஞ்சம்னு சொல்லாத”ன்னேன்.

சட்டைப்பையில இருந்த காகிதத்தை எடுத்தான், பிரிக்கல, திரும்ப வச்சான். அப்புறம் என்னைப் பார்க்காமயே கேட்டான்.

“அக்கா, அன்னைக்கு அப்பாவுக்கு எப்படி இருந்துச்சு? கழிக்காமச் சொல்லு.”

எட்டு மாசமா இந்தக் கேள்விக்குத்தான் பயந்துக்கிட்டிருந்தேன்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. கழிக்காமச் சொன்னேன். காலையில இருந்தே மூச்சு இழுத்துச்சுடா. தண்ணி இறங்கல. கை ஜில்லுன்னு இருந்துச்சு. டாக்டர் வரச் சொல்லிடுங்கன்னாரு. எல்லாம் உனக்குப் போன் பண்றதுக்கு முன்னாலயே. கம்பத்துல போய் விட்டுடுவியோன்னுதான் குறைச்சேன்.

தலையை ஆட்டினான். “என்னைக் கேட்டாரா?”

ஒரு தடவைன்னு சொல்ல வாய் வந்துடுச்சு. ஒரு தடவைன்னா தாங்கிக்குவான். அவன் முகத்தைப் பார்த்தேன், அப்பா மாதிரியே இருந்தான்.

“நாலு தடவைடா. நாலு தடவையும், வந்துக்கிட்டே இருக்கான்னு நான்தான் சொன்னேன்.”

“நாலா?”

“நாலு.”

அவன் நடுவுல இருந்த இடத்தைத் தாண்டி வந்து உட்கார்ந்தான்.